கொலராடோ மலைப்பாதையில் சுமை இழுக்க எந்த டீசல் பிக்கப்: பவர் ஸ்ட்ரோக், ட்யூராமேக்ஸ், கம்மின்ஸ்?

கேள்வி: ஒப்பந்தக்காரர், லேக்வுட், கொலராடோ

அனைவருக்கும் வணக்கம். டென்வர் நகருக்கு மேற்கே லேக்வுட்டில் குடியிருந்து, வீட்டுமனைகளைச் சமன்படுத்துவது, தாங்குசுவர் எழுப்புவது, வடிகால் வெட்டுவது போன்ற வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்து வருகிறேன். வேலைகளில் பெரும்பகுதி மலைக்கு அந்தப்பக்கம், சில்வர்தார்ன், ஃபிரிஸ்கோ வட்டாரங்களில்தான் கிடைக்கிறது. சிறிய எக்ஸ்கவேட்டர் ஒன்றைக் கூஸ்நெக் டிரெய்லரில் (பிக்கப்பின் சரக்குத் தட்டுக்குள், பின்அச்சுக்கு மேலே மாட்டும் வகை) ஏற்றி, ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைக் கடந்து போக வேண்டும். டிரெய்லரும் எந்திரமும் சேர்ந்து 14,000 பவுண்டு வரை எடை வருகிறது.

இப்போது என்னிடம் இருப்பது முக்கால் டன் வகைப் (சுமைத்திறனை வைத்துச் சொல்லும் பழைய வகுப்புப் பெயர்) பெட்ரோல் பிக்கப். ஜார்ஜ்டவுனைத் தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் உச்சச் சுழற்சியில் அலறியபடி, கனரக லாரிகளின் வரிசையில்தான் ஊர்ந்து செல்கிறது. சுரங்கத்தைக் கடந்து சில்வர்தார்னை நோக்கி இறங்கும்போது பிரேக்குகள் சூடேறும் வாடை வருவது அதைவிடக் கவலை தருகிறது. எனவே டீசலுக்கு மாறுவதென்று முடிவு செய்துவிட்டேன். டீசல் எஞ்சினுக்காகக் கூடுதலாக ஏறத்தாழ 10,000 டாலர் கொடுக்க வேண்டியிருப்பதால், வாங்குவதற்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன்.

ஃபோர்டின் உயர்திற பவர் ஸ்ட்ரோக்கிற்கு 1,200 பவுண்டு-அடி முறுக்குவிசை என்றும், ராமின் கம்மின்ஸுக்கு 1,075 என்றும், செவர்லே, ஜிஎம்சி வண்டிகளின் ட்யூராமேக்ஸுக்கு 975 என்றும் விளம்பரங்கள் சொல்கின்றன. இந்த வரிசையிலேயே மலையேற்றத்திலும் வேறுபாடு தெரியுமா? ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின் எட்டு சிலிண்டர் வி-வடிவ எஞ்சினைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று பலரும் சொல்வதற்கு என்ன அடிப்படை? புதிய வண்டியின் விலை கட்டுப்படியாகாமல் போனால், பழைய வண்டிகளில் எந்த ஆண்டுகளை நாடலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: இயந்திரப் பொறியாளர், ஃபோர்ட் காலின்ஸ்

வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதில்தான் விளம்பரங்கள் வாங்குபவரைத் தவறான எண்ணின் பக்கம் திருப்பிவிடுகின்றன.

முறுக்குவிசை என்பது கிராங்க் ஷாஃப்டைத் திருகும் வலு மட்டுமே. எவ்வளவு விரைவாகத் திருகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் திறன் கிடைக்கும். பவுண்டு-அடியில் உள்ள முறுக்குவிசையை நிமிடத்திற்கான சுழற்சி எண்ணிக்கையால் பெருக்கி 5,252 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். சக்கரத்தில் வேண்டிய அளவு முறுக்குவிசையைக் கியர்பெட்டி உண்டாக்கிக் கொடுக்கும்; ஆனால் எந்தக் கியர்பெட்டியாலும் திறனைக் கூட்டித் தர முடியாது. ஆகவே ஏற்றத்தில் தங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது குதிரைத்திறன்தான்.

தங்கள் சுமைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 8,000 பவுண்டு, டிரெய்லர் 14,000 பவுண்டு, ஆக மொத்தம் 22,000 பவுண்டு. 7 விழுக்காடு ஏற்றத்தில் இந்த எடை பின்னோக்கி இழுக்கும் விசை 1,540 பவுண்டு. மணிக்கு 60 மைல் என்பது நொடிக்கு 88 அடி. அந்த வேகத்தில் எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 246 குதிரைத்திறன் தேவைப்படுகிறது. காற்றின் தடை, டயர்கள் உருளும்போது எழும் தடை, கியர்பெட்டியிலும் அச்சிலும் வீணாகும் பங்கு ஆகியவற்றையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து 350 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்க வேண்டும். வேகத்தை 45 மைலாகக் குறைத்துக்கொண்டால் எடையைத் தூக்கும் பங்கு 185 ஆகக் குறைந்துவிடும். மலையில் வண்டிகள் தாமாகவே வேகம் குறைவதற்குக் காரணம் இவ்வளவுதான்: இருக்கும் திறனுக்கு ஏற்ற வேகத்தில் வண்டி நிலைகொள்கிறது.

இனி மூன்று எஞ்சின்களின் திறனைப் பாருங்கள். உயர்திற பவர் ஸ்ட்ரோக் 2,600 சுழற்சியில் 500 குதிரைத்திறன் தருகிறது. 2024 முதல் வரும் ட்யூராமேக்ஸ் 2,800 சுழற்சியில் 470, 2025 முதல் வரும் கம்மின்ஸ் 2,800 சுழற்சியில் 430. முறுக்குவிசையின்படி கடைசியில் நின்ற ட்யூராமேக்ஸ், திறனின்படி கம்மின்ஸை முந்திவிடுகிறது. நீண்ட ஏற்றத்தில் கியர்பெட்டி கீழ்க்கியருக்கு மாற்றி எஞ்சினை 2,400க்கு மேற்பட்ட சுழற்சியில் வைத்திருக்கும்போது, 1,600 அல்லது 1,800 சுழற்சியில் அளந்த உச்ச முறுக்குவிசை வேலை செய்வதே இல்லை. உச்சத் திறன் கிடைக்கும் சுழற்சியில் முறுக்குவிசையைத் திருப்பிக் கணக்கிட்டால் ஃபோர்டுக்கு 1,010, ட்யூராமேக்ஸுக்கு 882, கம்மின்ஸுக்கு 807 பவுண்டு-அடி என்று வருகிறது.

அப்படியானால் தாழ்ந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசைக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. கம்மின்ஸ் 1,800 சுழற்சியிலேயே 368 குதிரைத்திறனும், ஃபோர்டின் உயர்திற எஞ்சின் 1,600 சுழற்சியில் 366 குதிரைத்திறனும் தந்துவிடுகின்றன. ட்யூராமேக்ஸ் 1,600 சுழற்சியில் தருவது 297. 3 அல்லது 4 விழுக்காடு மட்டுமே உள்ள மிதமான ஏற்றங்களில் கியர் மாறாமலும் இரைச்சல் கூடாமலும் செல்வதற்கு இது உதவுகிறது. நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அந்த அமைதி பெரிய நிம்மதி. ஆனால் ஜார்ஜ்டவுன் ஏற்றமும், திரும்பும்போது சில்வர்தார்னிலிருந்து சுரங்கம் வரை வரும் ஏற்றமும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாயில் கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் திறனும் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்துவிடும். 430 குதிரைத்திறன் என்று எழுதப்பட்ட எஞ்சின் அங்கே 300ஐ ஒட்டியே நிற்கும். தங்கள் பெட்ரோல் வண்டி படும் சிரமத்திற்குக் காரணம் எஞ்சினின் குறையன்று, காற்றின் குறை. டர்போ அந்த மெல்லிய காற்றை அழுத்திக் கொடுப்பதால் மூன்று டீசல் எஞ்சின்களும் தங்கள் திறனில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்கின்றன.

இழுவைத் தரமதிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஜே2807 என்ற விதிமுறைப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணையை ஒட்டிய 11.4 மைல் நீள ஏற்றத்தில், குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில், ஏசியை முழு அளவில் போட்டபடி, முழுச் சுமையுடன் வண்டி ஏற வேண்டும். வேகம் 40 மைலுக்குக் கீழே விழக் கூடாது, பின்அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு மட்டும் 35 மைல் வரை இடமுண்டு. குளிர்விப்பு அமைப்பைச் சோதிப்பதற்கு இது மிக நல்ல சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சாலை தாழ்நிலத்தில் தொடங்கித் தாழ்நில மலையிலேயே முடிந்துவிடுகிறது. கொலராடோவின் மெல்லிய காற்றை அந்த மதிப்பு அறியாது.

இறக்கத்தைப் பற்றித் தாங்கள் கவலைப்படுவதுதான் இந்தக் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் வரை 7 விழுக்காடு சரிவு வருகிறது. கட்டுப்பாடு இழந்த லாரிகளைத் தாங்கி நிறுத்தும் சரளை மேடுகள் அந்தச் சரிவில் அமைக்கப்பட்டிருப்பதே அதன் கடுமைக்குச் சான்று. டீசல் எஞ்சினில் காற்று நுழைவாயிலை மூடும் வழக்கமான ஏற்பாடு இல்லாததால், ஆக்சிலரேட்டரை விட்டால் மட்டும் வண்டி பெரிதாகக் கட்டுப்படாது. அதற்காகவே இம்மூன்று வண்டிகளிலும் டர்போவின் நகரும் இதழ்களை நெருக்கிப் புகையின் வழியை அடைத்து, எஞ்சினையே பிரேக்காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. சுழற்சி உயர உயர அதன் பிடியும் உயரும். ஆகவே இறக்கத்தின் தலைப்பிலேயே கீழ்க்கியரைப் பிடித்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை இட்டு, கால் பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட வேண்டும். தாங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் 10,000 டாலரில் பாதியை இந்த ஒரு வசதிக்கே கொடுப்பதாக எண்ணலாம் என்பேன்.

பதில்: பண்ணை இயந்திர விற்பனையாளர், லபக், டெக்சஸ்

மேலே உள்ள கணக்குகளை ஏற்கிறேன். ஆயினும் ஏற்றத்தில் சில மைல் வேகம் முன்னே பின்னே இருப்பதை வைத்து மட்டும் வேலைவண்டியைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது. உழைப்பின் அளவு, பழுது பார்க்கும் எளிமை ஆகிய இரண்டிலும் கம்மின்ஸின் அமைப்புக்கு உண்மையான சிறப்பு இருக்கிறது. நேர்வரிசை எஞ்சினைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு விடையும் அதில் அடங்கும்.

நேர்வரிசையில் நிற்கும் ஆறு பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து கொள்வதால், அதிர்வைத் தணிக்கத் தனிச் சமன் அச்சு எதுவும் வேண்டியதில்லை. கிராங்க் ஷாஃப்டை ஏழு முதன்மைத் தாங்கிகள் பிடித்திருக்கின்றன. அதாவது ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் இருபுறமும் ஒரு தாங்கி. எட்டு சிலிண்டர் வி-வடிவத்தில் ஐந்து தாங்கிகளே இருக்கும்; ஒவ்வொரு இரு தாங்கிகளுக்கும் இடையில் இரண்டு ராடுகள் ஒரே முனையில் அமர்ந்திருக்கும். கம்மின்ஸில் கேம் ஷாஃப்டை இயக்குவது பட்டையோ சங்கிலியோ அல்ல, பற்சக்கரம். டர்போ எஞ்சினின் பக்கவாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஃபோர்டின் 6.7 லிட்டர் எஞ்சினில் புகை இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்திற்குள் வந்து சேர்கிறது, டர்போவும் அங்கேயே அமர்ந்திருக்கிறது. புகை செல்லும் தூரம் குறைவதால் டர்போ விரைவில் விழித்தெழும் என்பது அந்த அமைப்பின் நன்மை. ஆனால் பழுது வந்தால் வேலை நேரம் கூடிவிடும்.

உள்ளளவுகளும் ஒவ்வொன்றின் இயல்பையும் காட்டுகின்றன. கம்மின்ஸின் சிலிண்டர் விட்டம் 107 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 124. பவர் ஸ்ட்ரோக்கில் அவை 99, 108. ட்யூராமேக்ஸில் 103, 99. அதாவது அங்கே விட்டம் ஓட்டத்தைவிடப் பெரியது, சுழற்சியை விரும்பி ஏற்கும் எஞ்சின். நீண்ட ஓட்டம் கொண்ட கம்மின்ஸ் தாழ்ந்த சுழற்சியிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறது.

இந்த எஞ்சின் குடும்பம் 1989இல் டாட்ஜ் (இன்றைய ராம்) பிக்கப்பில் முதன்முதலாக வைக்கப்பட்டபோது 5.9 லிட்டரில் 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடியும்தான் தந்தது. அது பிக்கப்பிற்கென்று பிறந்த எஞ்சின் அன்று. பேருந்து, படகு, மின்னாக்கி, வேளாண் இயந்திரம் என எல்லாவற்றிலும் உழைத்த எஞ்சின். அதே 5.9 லிட்டர் குடும்பம்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் உருவாகி டாடா லாரிகளில் ஓடியது என்பதால், தமிழகத்துப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கும் அதன் உறுமல் அந்நியமாக இருக்காது.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எஞ்சினின் பெயருக்கு ஈடான கியர்பெட்டி ராமில் நீண்ட காலம் எல்லா வண்டிகளுக்கும் கிடைக்கவில்லை. 2019 முதல் 2024 வரையிலான வண்டிகளில் உயர்திற எஞ்சினுடன் ஐசின் ஆறு வேகக் கியர்பெட்டியும், சாதாரண எஞ்சினுடன் வலுக் குறைந்த வேறோர் ஆறு வேகக் கியர்பெட்டியும் வந்தன. தங்கள் சுமைக்கு அந்த ஆண்டுகளில் ஐசின் உள்ளதையே தேட வேண்டும். 2025இலிருந்து இசட்எஃப் வடிவமைத்த எட்டு வேகக் கியர்பெட்டி வந்துவிட்டது. குளிர்காலத்தில் எஞ்சினைக் கிளப்புவதற்கு, நுழைகாற்றைச் சூடாக்கும் கம்பிச்சட்டத்தை நீக்கிவிட்டுச் சிலிண்டருக்கொரு குளோ பிளக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2020லேயே பத்து வேகத்திற்குப் போய்விட்டன என்பதை மறுக்க முடியாது.

பதில்: டீசல் பட்டறை மேற்பார்வையாளர், டாலஸ்

பழைய வண்டி வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். அங்கே எஞ்சினின் பெயரைவிட ஆண்டுதான் முக்கியம். ஒரே பெயருக்குள் நல்ல எஞ்சினும் தொல்லை எஞ்சினும் இருக்கின்றன.

ஃபோர்டின் கனரகப் பிக்கப்புகளில் பவர் ஸ்ட்ரோக் என்ற பெயர் நான்கு வேறுபட்ட எஞ்சின்களுக்கு இடப்பட்டிருக்கிறது. 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் எஞ்சின், அடுத்து வந்த 6.0, பிறகு 6.4 ஆகிய மூன்றும் நாவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்தவை. முதலாவது மெதுவானது, ஆனால் உறுதியானது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 6.0 எஞ்சினில் எண்ணெய்க் குளிர்விப்பான் அடைப்பதும், அதனால் மறுசுழற்சிப் புகைக் குளிர்விப்பான் வெடிப்பதும், ஹெட் போல்ட்டுகள் நீண்டு கேஸ்கெட் போவதும் எல்லோரும் அறிந்த வரலாறு. அதன் காரணமாக இரு நிறுவனங்களும் 2007இல் நீதிமன்றம் வரை சென்றன. 2011ஆம் ஆண்டு மாடலிலிருந்து வரும் 6.7 லிட்டர்தான் ஃபோர்டே வடிவமைத்தது. தொடக்கத்தில் 390 குதிரைத்திறனும் 735 பவுண்டு-அடியும் தந்த அந்த எஞ்சின், 2020இல் எஃகு பிஸ்டன்களும் பத்து வேகக் கியர்பெட்டியும் பெற்று 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி என்ற அளவை எட்டியது. தங்கள் தேவைக்கு ஃபோர்டை விரும்பினால் 2020க்குப் பிந்தியதையே பாருங்கள். உயர்திற வகை 2023இல்தான் வந்தது, அது இல்லாவிட்டாலும் தங்கள் சுமைக்குப் போதும்.

ட்யூராமேக்ஸ் 2001ஆம் ஆண்டு மாடலில் இசுஸுவின் கூட்டுறவில் வெளிவந்தது. 300 குதிரைத்திறன், 520 பவுண்டு-அடி, ஆலிசன் கியர்பெட்டி. முதல் தலைமுறையில் இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்கு அடியில் இருந்ததால் மாற்றுவதற்குப் பெரும் செலவு பிடித்தது, பழுதும் அடிக்கடி வந்தது. நிறுவனமே அவற்றுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. 2006, 2007 தொடக்கத்தில் வந்த எல்பிஇசட் வகையை இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அவ்வளவு பழைய வண்டியை வைத்துத் தொழில் நடத்தச் சொல்ல மாட்டேன். 2017இல் வந்த எல்5பி வகைதான் பழைய வண்டிகளில் நான் முதலில் பரிந்துரைப்பது. 445 குதிரைத்திறன், 910 பவுண்டு-அடி. அதைவிட முக்கியமாக, உயர் அழுத்த எரிபொருள் பம்பு மாற்றப்பட்டது.

அந்தப் பம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய டீசல் பிக்கப் வாங்குபவருக்கு ஒரே அடியில் மிகப் பெரிய செலவை வைக்கக்கூடியது அதுதான். சிபி4 என்று அழைக்கப்படும் வகைப் பம்பு 2011 முதல் 2016 வரையிலான ட்யூராமேக்ஸிலும், 2011 முதல் 6.7 பவர் ஸ்ட்ரோக்கிலும், 2019, 2020ஆம் ஆண்டு கம்மின்ஸிலும் பொருத்தப்பட்டது. அதன் உள்ளே கேம் மீது உருளும் டேப்பட் தன் இடத்தில் திரும்பிவிட்டால், உருளை உருளாமல் கேமைச் சுரண்டத் தொடங்கிவிடும். சுரண்டப்பட்ட உலோகத் துகள் டீசலோடு கலந்து ரெயில் எனப்படும் எரிபொருள் பொதுக்குழாய், இன்ஜெக்டர்கள், திரும்பும் குழாய், டேங்க் என எல்லா இடத்திலும் பரவும். பம்பை மட்டும் மாற்றினால் தீராது. எரிபொருள் ஓடும் பாகங்கள் முழுவதையும் மாற்ற வேண்டி வரும், செலவு 10,000 டாலரை எளிதில் தொட்டுவிடும். பம்பு தன் உராய்வுக்கு டீசலின் வழவழப்பையே நம்பியிருக்கிறது. வழவழப்புச் சோதனையில் உலோகத்தில் விழலாம் என்று அமெரிக்கத் தரவிதி அனுமதிக்கும் தேய்மானத் தழும்பு 520 மைக்ரான், ஐரோப்பிய விதியிலோ 460 மைக்ரான். இங்கே கிடைக்கும் டீசல் அந்த வகையில் ஒரு படி குறைந்தது. ராம் வண்டிகள் 2021 இறுதியில் திரும்ப அழைக்கப்பட்டு, சிபி4 நீக்கப்பட்டுப் பழைய சிபி3 வகைப் பம்பு பொருத்தப்பட்டது. 2019 அல்லது 2020 ராமைப் பார்த்தால், அந்த வேலை செய்யப்பட்டதா என்பதை வண்டியின் அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இட்டுச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். ஃபோர்டை வாங்கினால் எரிபொருள் வடிகட்டிகளைக் குறித்த காலத்தில் மாற்றுவதையும், நீர்ப் பிரிப்பானைத் தவறாமல் வடிப்பதையும், வழவழப்பைக் கூட்டும் சேர்மானத்தை ஊற்றுவதையும் ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு துளி போதும், அந்தப் பம்பைக் கெடுக்க.

கம்மின்ஸ் வாங்குபவர் அறிய வேண்டிய இன்னொரு செய்தி: 2013 முதல் 2019 வரையிலான ஏறத்தாழ 6,30,000 ராம் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், 167.5 கோடி டாலர் அபராதம் கட்டக் கம்மின்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட உரிமையியல் (சிவில்) அபராதங்களில் அதுவே மிகப் பெரியது. அந்த வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் உண்டு. செய்யப்பட்டதற்கான சான்றைக் கேளுங்கள்.

புகைத்துகள் வடிகட்டியையும் யூரியா அமைப்பையும் கழற்றிவிட்டு விற்கப்படும் வண்டிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. விலை குறைவாகவும் ஓட்டத்தில் துடிப்பாகவும் தோன்றும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது. டென்வர் வட்டாரத்தில் டீசல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை நடக்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் அந்தக் கரியைக் கலப்பதற்கு எந்தத் தொழில் தேவையும் நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம். தங்களைப் போல் முழுச் சுமையுடன் நீண்ட தூரம் ஏறுபவருக்கு வடிகட்டி தொல்லை தருவதும் குறைவு, ஏனெனில் ஏற்றத்தின் வெப்பத்திலேயே கரி பெருமளவு எரிந்துவிடும். வேலையிடத்தில் மணிக்கணக்காக எஞ்சினை ஐட்லிங்கில் விடுவதுதான் அதை அடைக்கிறது.

மறுமொழி: ஒப்பந்தக்காரர், லேக்வுட்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறை நண்பர் சொன்னபடி 2020க்குப் பிந்திய ஃபோர்டு அல்லது ட்யூராமேக்ஸ் என்று என் தேடலைச் சுருக்கியிருக்கிறேன். விலை பொருந்தினால் 2025 ராமையும் பார்ப்பேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முக்கால் டன் வண்டியே போதுமா, ஒரு டன் வகைக்குப் போக வேண்டுமா, அதிலும் பின்அச்சில் இரட்டைச் சக்கரம் தேவையா? பின்அச்சு விகிதத்தில் (சக்கரம் ஒரு முறை சுற்ற இயக்குதண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.31, 3.55 என்று இரு தெரிவுகள் ஃபோர்டில் இருப்பதாகத் தெரிகிறது, எதைக் கேட்பது?

பதில்: வணிக ஓட்டுநர் பயிற்றுநர், பியூப்லோ

ஐயா, எஞ்சினைப் பற்றி எல்லோரும் நன்றாக எழுதிவிட்டார்கள். எடையைப் பற்றி நான் சொல்கிறேன். தங்களுக்கு அபராதமும் விபத்தும் வரக்கூடிய இடம் அதுதான்.

கூஸ்நெக் டிரெய்லர் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வண்டியின் பின்அச்சு மீது இறக்கும். 14,000 பவுண்டுக்கு அது 2,800. தங்களையும் இரு பணியாளர்களையும் கருவிப்பெட்டியையும் சேர்த்தால் 3,400ஐத் தாண்டும். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு உள்ள முக்கால் டன் வண்டியில், டீசல் எஞ்சினின் எடையும் சேர்ந்துவிடுவதால், மிஞ்சும் சுமைத்தாங்கல் பெரும்பாலும் 2,000க்கும் 2,500க்கும் இடைப்பட்டதுதான். எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்தான் வரம்பு. ஆகவே ஒரு டன் வகைதான் வேண்டும்.

இரட்டைச் சக்கரத்தைப் பொறுத்தவரை உரிமத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியின் எடை வரம்பும் டிரெய்லரின் எடை வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லரின் வரம்பு 10,000க்கு மேல் இருந்தால், ஏ வகை வணிக ஓட்டுநர் உரிமம் கட்டாயம். அன்று எவ்வளவு சுமை ஏற்றினீர்கள் என்பது பொருட்டல்ல. தகட்டில் அச்சிட்ட வரம்புதான் கணக்கு. 14,000 வரம்புள்ள இரட்டைச் சக்கர வண்டியும் 14,000 வரம்புள்ள டிரெய்லரும் சேர்ந்தால் 28,000. அந்த உரிமம் தேவைப்படும். ஒற்றைச் சக்கர ஒரு டன் வண்டியில் வரம்பு 12,000க்கு மேற்படாததாகப் பார்த்து எடுத்தால் 26,000இல் நின்றுவிடும். தங்கள் சுமைக்கு அது போதும். ஆனால் நாளைக்குப் பெரிய எக்ஸ்கவேட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே உரிமம் எடுத்துவிட்டு இரட்டைச் சக்கரத்திற்குப் போவது மேல். பக்கக் காற்றில் அதன் நிலைத்தன்மை வேறு தரம்.

செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, ஐ-70இல் டோட்சீரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே, 16,001 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரம்புள்ள வணிக வண்டிகள் சக்கரச் சங்கிலிகளை வைத்திருந்தே ஆக வேண்டும். டிரெய்லருடன் சேர்ந்த தங்கள் வண்டியும் அதில் அடங்கும்.

பின்அச்சு விகிதத்திற்கு 3.55ஐக் கேளுங்கள். பத்து வேகக் கியர்பெட்டி இருக்கையில் பழைய நாளைப் போல் அது பெரிய வேறுபாடன்று என்றாலும், செங்குத்தான மண்பாதையில் சுமையோடு கிளம்பும்போதும், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு வேண்டிய சுழற்சியைப் பிடிக்கும்போதும் சற்றுக் கைகொடுக்கும். முன்அச்சையும் கவனியுங்கள்: நான்கு சக்கர இயக்கமுள்ள ஃபோர்டிலும் ராமிலும் முழுநீளத் திட அச்சு, செவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் தனித்தனித் தொங்கல். பனி உழும் கலப்பை மாட்டும் எண்ணமோ கரடுமுரடான வேலையிடமோ இருந்தால் திட அச்சு நல்லது. நெடுஞ்சாலைதான் மிகுதி என்றால் தனித் தொங்கல் களைப்பைக் குறைக்கும்.

வாங்குவதற்கு முன் விற்பவர் சம்மதித்தால் தங்கள் டிரெய்லரையே மாட்டி ஜார்ஜ்டவுனிலிருந்து சுரங்கம் வரை ஏறிப் பாருங்கள். கியர்பெட்டி எண்ணெயின் வெப்பமானியில் முள் எங்கே நிற்கிறது, இறங்கும்போது கால் பிரேக்கை எத்தனை முறை தொட நேர்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு வந்தால், மூன்று வண்டிகளில் தங்களுக்குரியது எது என்பதைத் தாங்களே சொல்லிவிடுவீர்கள்.